இந்தக் கடிதத்தை நம்ப வேண்டாம்

ஹைதராபாத் நாச்சாரத்தில் வால்வு தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில் கடிதப் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். முதலாளி தெலுங்கில் சொல்லுவார். நான் அதை ஆங்கிலமாக்கி டைப் அடித்துக் கையெழுத்துக்கு வைப்பேன். செகந்திராபாத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கற்றுக்கொண்ட ஆங்கிலம் அது. "தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம்" என்கிற மாதிரியான ஆங்கிலம். வெளியூரிலிருந்து சரக்கு எடுக்க வருகிறவர்கள் சில பேர் என் மேஜைக்கு வந்து, "லெட்டர் எழுதுறது நீங்கதானாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கம்பெனியை மூடியபோது எனக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கணவர் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எங்கள் இரண்டு பேர் குடும்பமுமே ரயில்வே வேலைக்காக ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வந்து இங்கேயே தங்கிப்போனவை. உப்பலில் சொந்த வீடு. ஒரே மகள், அப்போது பத்தாம் வகுப்பு. நான் வேலைக்குப் போகாவிட்டால் சோறு இல்லை என்ற நிலை கிடையாது. ஆனால் காலையில் எட்டு மணிக்கு மேல் வீட்டில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. துடைத்த அலமாரியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மாதாப்பூரில் டைப் அடிக்கத் தெரிந்தவர்களை எடுக்கிறார்கள் என்று எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். அவள் அங்கே ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்த்தாள். வயது ஒரு பிரச்சினையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர்கள் என் முகத்தையே பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஒரு பக்கத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். பக்கத்திலிருந்த பையன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டைப்ரைட்டரில் பழகிய கை, கீபோர்டில் கொஞ்சம் சத்தம் அதிகம்.

வேலை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காக. இணையத்தில் பொருள் வாங்குகிறவர்கள், விற்கிறவர்களுக்குப் பணம் அனுப்ப உதவும் தளம் அது. எங்கள் ஹைதராபாத் ஆபீஸ் அவர்களுக்காக மெயில்களைப் பார்த்துப் பதில் போடும். போன் வேலை இல்லாததால் ராத்திரி ஷிஃப்ட் இல்லை. விடியற்காலையில் கேப் வந்து உப்பலில் ஏற்றிக்கொள்ளும், மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

அந்த வருடங்களில் ஒரு திருட்டு பரவிக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனி அனுப்பியது போலவே அச்சு அசலாக ஒரு மெயில் வாடிக்கையாளருக்குப் போகும். அதே சின்னம், அதே நிறம். "உங்கள் அக்கவுண்ட்டை நிறுத்திவைத்திருக்கிறோம், இங்கே கிளிக் செய்து விவரங்களைச் சரிபாருங்கள்" என்று இருக்கும். கிளிக் செய்தால் எங்கள் தளம் மாதிரியே இன்னொரு தளம் திறக்கும். அங்கே பாஸ்வேர்டை அடித்தால் அது திருடன் கைக்குப் போய்விடும். இதற்கு ஆபீஸில் ஸ்பூஃப் என்று பெயர். வீட்டில் என் கணவர் 'டூப்ளிகேட் கடுதாசி' என்பார். சந்தேகப்படுகிறவர்கள் அந்த மெயிலை அப்படியே எங்களுக்கு ஃபார்வர்ட் செய்து, "இது நீங்கள் அனுப்பியதா?" என்று கேட்கலாம். அதைப் பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்வதுதான் எங்கள் குழுவின் வேலை.

பயிற்சியில் அடையாளங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். பெயர் சொல்லாமல் "அன்புள்ள வாடிக்கையாளரே" என்று தொடங்கினால் சந்தேகப்பட வேண்டும். அவசரப்படுத்தினால், மிரட்டினால் சந்தேகப்பட வேண்டும். இணைப்பின் மேல் மவுஸை வைத்தால் கீழே வேறு முகவரி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட எளிய அடையாளம், பிழையான ஆங்கிலம். அதே அடையாளங்களைத்தான் கம்பெனி தன் தளத்திலும் வாடிக்கையாளர்களுக்கு எழுதிப் போட்டிருந்தது. திருடர்கள் எங்கெங்கோ இருந்துகொண்டு எழுதுகிறார்கள், அவர்களுக்கு நல்ல ஆங்கிலம் வராது என்பது எல்லோருடைய எண்ணம்.

எங்கள் டீம் லீடர் கோயம்புத்தூர்ப் பையன். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். முதல் நாள் நான் சார் என்று கூப்பிட்டேன்.

"இங்க யாரையும் சார்னு கூப்பிடக் கூடாதுங்கக்கா. பேரைச் சொல்லிக் கூப்பிடணும்."

"நீ மட்டும் என்னை அக்கான்றியே?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அது வேறங்கக்கா" என்றான். அதற்குப் பிறகு நான் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டேன். குழுவில் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரித்துப் பழகிவிட்டார்கள்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் வாரங்கல் பெண் ஒருத்தி. வேகமாக வேலை செய்வாள். ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். எல்லோரும் தயாராக எழுதிவைத்த பதில்களை எடுத்து அப்படியே ஒட்டி அனுப்புவார்கள். நடுவில் சொந்தமாக இரண்டு மூன்று வரி சேர்த்துக்கொள்ள இடம் உண்டு. மற்றவர்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். நான் விட மாட்டேன். ஒருவர் தன் கதையை எழுதி அனுப்பியிருக்கும்போது அச்சடித்த பதிலை மட்டும் அனுப்புவது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

ஒருநாள் ஒரு பெரியவரின் மெயில் வந்தது. ஆர்மோனியம் மாதிரி, ஆனால் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கும் அக்கார்டியன் என்ற கருவியைப் பழுது பார்க்கிறவர். உடைந்த கருவிகளை இணைய ஏலத்தில் வாங்கி, அதிலிருந்து பொத்தான்களையும் தோல்துருத்தியையும் எடுத்து மற்றவற்றுக்குப் போடுவாராம். "நீங்கள் வாங்கிய பொத்தான்களுக்குப் பணம் போய்ச் சேரவில்லை" என்று ஒரு மெயில் வந்திருக்கிறது. உண்மையிலேயே பொத்தான் வாங்கியிருந்ததால் நம்பிப் பாஸ்வேர்டை அடித்துவிட்டார். அடுத்த பக்கத்தில் கார்டு நம்பர், பிறந்த ஊர், அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்கவும் பயந்துபோய் மூடிவிட்டு எங்களுக்கு அனுப்பியிருந்தார்.

அது ஸ்பூஃப்தான். எங்கள் ஆட்கள் அவருடைய அக்கவுண்ட்டுக்குப் பாதுகாப்புக் கட்டுப்பாடு போட்டார்கள். அவர் உள்ளே போய்ப் பார்க்கலாம், ஆனால் பாஸ்வேர்டை மாற்றிச் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லும்வரை பணம் அனுப்ப முடியாது. இதைச் சொல்லும் தயார்ப் பதிலை எடுத்து, நடுவில் என் வரிகளைச் சேர்த்தேன். தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றும், தயைகூர்ந்து ஆவன செய்து கூடிய விரைவில் பதில் தருமாறு வேண்டுகிறோம் என்றும் எழுதினேன். ஆங்கிலத்தில், 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'. நாச்சாரத்தில் அந்த வரி இல்லாமல் ஒரு கடிதம்கூட என் மேஜையைத் தாண்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து வாரங்கல் பெண் தன் திரையைப் பார்த்துச் சிரித்தாள். "இதப் பாருங்க ஆன்ட்டி, நல்ல ஸ்பூஃப். நம்பர் போட்டுத் தப்பு கண்டுபிடிச்சிருக்காரு" என்று தெலுங்கில் சொன்னாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். காதிலிருந்து பாட்டை எடுத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். அது நான் எழுதிய மெயில்.

பெரியவர் அதை ஃபார்வர்ட் செய்து, "முதல் மெயில் திருட்டா என்று கேட்டேன். அதற்கு இந்தப் பதில் வந்திருக்கிறது. இதுவும் அதே கும்பல்தான். உங்கள் தளத்தில் சொல்லியிருக்கும் அடையாளம் பொருந்துகிறது" என்று எழுதியிருந்தார். என் வரிகளில் நான்கு இடங்களைக் காட்டி ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தார். கைண்ட்லி ஒன்று. நீட்ஃபுல் இரண்டு. மற்ற இரண்டிலும் 'த' (the) என்ற சின்னச் சொல்லை நான் விட்டிருந்தேன். "திருடர்களுக்கு 'த' எங்கே வரும் என்பது ஒருபோதும் தெரிவதில்லை" என்று ஒரு குறிப்பு வேறு.

நான் என் திரைக்குத் திரும்பிக்கொண்டேன். அடுத்த மெயிலைத் திறந்தேன், படிக்கத்தான் முடியவில்லை. வாரங்கல் பெண் பாவம், தான் செய்த தப்பு மாதிரி சங்கடப்பட்டாள். "நான் பதில் போட்டுடறேன் ஆன்ட்டி" என்றாள். என் மெயில் உண்மையானதுதான் என்று சொல்லும் தயார்ப் பதிலை அனுப்பினாள். சொந்த வரி ஒன்றும் சேர்க்கவில்லை.

மறுநாளே அதுவும் ஃபார்வர்ட் ஆகி வந்தது. "இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டீர்கள்" என்று எழுதியிருந்தார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கணவர் கேட்டார், "இன்னாத்துக்கு மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"உன்னையே டூப்ளிகேட்டுன்றானா?"

"ஹவ், ஆமா. நம்பர் போட்டுக் காட்டறாரு."

"நக்கோ, வேணாம், உட்டுடு. அந்தாள் வேணும்னா போன் பண்ணிக் கேட்டுக்கட்டும்."

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கைண்ட்லி, நீட்ஃபுல் அனி இப்புடு எவரு ராஸ்தாரும்மா?" என்றாள். இப்போது யார் அப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்று கேட்கிறாள். நாங்கள் தமிழில் பேசினால் அவளுக்குத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோதான் பதில் வரும். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்குப் பள்ளியில் சேர விண்ணப்பம் எழுதியதிலிருந்து, தண்ணீர் வரவில்லை என்று குடிநீர் ஆபீசுக்கு மனு எழுதியதுவரை எல்லாம் அந்த ஆங்கிலம்தான். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் சொன்னது சரியாக இருக்கலாம் என்றும் தோன்றியது.

மறுநாள் டீம் லீடர் என் இருக்கைக்கு வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். விஷயம் அவன் காதுக்குப் போயிருந்தது.

"சங்கடப்படாதீங்கக்கா. நானும் கைண்ட்லின்னுதான் எழுதுவேன். எங்க காலேஜ்ல லீவ் லெட்டரே அப்படித்தானுங்க."

"என் சங்கடத்தை உடு தம்பி. அந்தப் பெரியவருக்கு அக்கவுண்ட் மாட்டிக்கினு இருக்குதே, அதுக்கு இன்னா பண்றது?"

"போன் பண்ணச் சொல்லலாங்கக்கா. தளத்துல நம்பர் இருக்குதுங்களே."

"அவருக்குக் காது கேக்காது. மொதல் மெயில்லயே எழுதியிருக்காரு. காது போச்சு, கை இருக்குதுன்னு. கையால தொட்டுப் பாத்துத்தான் ரிப்பேர் பண்றாராம்."

நாங்கள் எத்தனை பதில் போட்டாலும் அவருடைய சந்தேகம் கூடத்தான் செய்யும் என்பது இரண்டு பேருக்கும் புரிந்தது. அவர்மேல் தப்பும் இல்லை. ஒரு தடவை ஏமாந்தவர். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே நடக்கிறார்.

நான் முந்தின நாளே யோசித்துவைத்திருந்ததைச் சொன்னேன். நம்மை நம்பு, நம்பு என்று எழுதுவதால்தானே நம்ப மறுக்கிறார். நம்ப வேண்டாம் என்றே எழுதினால் என்ன?

"எப்படிங்கக்கா?"

அங்கேயே டைப் அடித்துக் காட்டினேன். 'இந்தக் கடிதத்தை நம்ப வேண்டாம். நான் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. இதில் கிளிக் செய்ய எந்த இணைப்பும் நான் வைக்கவில்லை. வழக்கமாக எங்கள் தளத்துக்கு எப்படிப் போவீர்களோ அப்படி, முகவரியை உங்கள் கையால் அடித்துப் போங்கள். உள்ளே உங்களுக்கு ஓர் அறிவிப்பு இருக்கும். அது இருந்தால், அது சொல்வதைச் செய்யுங்கள். இல்லையென்றால் என்னைத் திருடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.'

அவன் இரண்டு தடவை படித்தான். "கடைசி வரி வேண்டாங்கக்கா. மேலதிகாரிங்க படிச்சா என்னைத்தான் கேப்பாங்க."

"எடுத்துடு."

"மொத வரியும் கஷ்டந்தானுங்க. கம்பெனியே கம்பெனி மெயிலை நம்பாதேன்னு எழுதலாமுங்களா?"

"அந்த வரி இல்லேன்னா மீதி எதுக்கு?"

மேனேஜரிடம் கேட்டுவிட்டு வருவதாகப் போனான். கண்ணாடி அறைக்குள் நின்று அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. மேனேஜர் இரண்டு தடவை தலையை இல்லை என்று ஆட்டினார். பிறகு அவன் ஏதோ சொன்னான், அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வெளியே வந்து, "கடைசி வரியைத் தவிர எல்லாம் போகட்டும்னு சொல்லிட்டாருங்க" என்றான். 'த' எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று அவனும் வாரங்கல் பெண்ணும் சேர்ந்து பார்த்தார்கள். கடைசியில் சந்தேகம் வந்து மூன்றாவதாக ஒரு பையனையும் கூப்பிட்டார்கள். அனுப்பினோம்.

சில நாள் பதிலே இல்லை. வரும் மெயில்களில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாரங்கல் பெண்ணும் பார்த்தாள். அவள் வரிசைக்குத்தான் கடைசியில் வந்தது. என்னைத் தோளில் தட்டிக் காட்டினாள்.

"அறிவிப்பு இருந்தது. சொன்னபடி செய்தேன். பொத்தான்களுக்குப் பணமும் போய்விட்டது. நம்ப வேண்டாம் என்று எழுதிய திருடனை நான் இதுவரை பார்த்ததில்லை, அதனால்தான் போய்ப் பார்த்தேன். ஒரு விஷயம். நான்கு பிழை என்று எழுதியிருந்தேன். என் மருமகள் பள்ளி ஆசிரியை. பார்த்துவிட்டு இரண்டுதான் பிழை, மற்ற இரண்டும் பழைய வழக்கு என்கிறாள். திருத்திக்கொள்கிறேன்."

மகளிடம் இதைப் படித்துக் காட்டினேன். "பழைய வழக்குன்னாலே தப்புதானம்மா" என்று, அபூர்வமாக, தமிழில் சொன்னாள்.

அந்தக் கடிதம் எங்கள் குழுவில் ஒரு தயார்ப் பதிலாகவே சேர்க்கப்பட்டது. யார் எங்கள் பதிலைச் சந்தேகித்தாலும் அதை அனுப்பலாம் என்று ஏற்பாடு. அதே சமயம் எங்கள் எல்லோருக்கும் ஆங்கில வகுப்பு ஒன்றும் ஏற்பாடு செய்தார்கள். மத்தியானம் ஒரு பெண்மணி வந்து பாடம் நடத்துவார். எழுதக் கூடாத சொற்கள் என்று ஒரு தாளைச் சுவரில் ஒட்டினார். கைண்ட்லி, நீட்ஃபுல், ரிவர்ட், ப்ரீபோன், நான் உயிரைக் கொடுத்துக் கற்ற பாதி சொற்கள் அதில் இருந்தன. வகுப்பில் எல்லோரையும்விட வயதானவள் நான்தான். முதல் இரண்டு வாரம் வீம்புக்கு உட்கார்ந்திருந்தேன். பிறகு பிடித்துப்போனது. சின்ன வாக்கியமாக எழுது, உனக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போல எழுது என்றார். நாச்சாரத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அங்கே கடிதம் என்றால் எழுந்து நின்று பேசுவது மாதிரி.

நாங்கள் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் திருடர்களும் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடத்துக்குள் அதைக் கண்ணால் பார்த்தோம். ஸ்பூஃப் மெயில்களில் பிழை குறைந்துகொண்டே வந்தது. பெயர் சொல்லி அழைக்க ஆரம்பித்தன. மிரட்டல் போய்ப் பணிவு வந்தது. ஒருநாள் காலை டீம் லீடர் எங்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு மெயிலைத் திரையில் காட்டினான். போலி மெயில்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று வாடிக்கையாளரை எச்சரிக்கும் மெயில். எங்கள் தளத்திலிருந்த அதே வாசகங்கள், ஒரு புள்ளி மாறவில்லை. கடைசியில் மட்டும், உங்களைப் பாதுகாத்துக்கொள்ள இங்கே கிளிக் செய்யுங்கள் என்று ஓர் இணைப்பு. அது திருடன் வீட்டு வாசல்.

"இனி பிழை இல்லாம இருந்தாத்தான் சந்தேகப்படணும் போலிருக்குதுங்கக்கா" என்றான்.

அதற்குச் சில மாதம் கழித்துத் தளத்திலிருந்த அடையாளப் பட்டியலில் ஆங்கிலப் பிழை பற்றிய வரியை எடுத்துவிட்டார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு வாடிக்கையாளர் எழுதிக் கேட்டபோதுதான் பார்த்தோம்.

பிறகு அந்த வேலையே எங்களைவிட்டுப் போனது. ஃபார்வர்ட் ஆகி வரும் மெயில்களைப் பெரும்பாலும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்றும், மிச்சத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார்கள் என்றும் சொன்னார்கள். எங்களுக்கு வேறு குழுவில் இடம் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அது போனில் பேசும் வேலை, இரவு ஷிஃப்ட். வாரங்கல் பெண் சேர்ந்துகொண்டாள். டீம் லீடருக்கு பெங்களூரில் கிடைத்துவிட்டது. கடைசி நாள் அவன், "ஏதாவது கிடைச்சா சொல்றேனுங்கக்கா" என்றான். நான் வேண்டாம் என்று வீட்டோடு நின்றுவிட்டேன்.

மகள் அப்போது கல்லூரியில் இருந்தாள். வேலை தேடும் தளம் ஒன்றில் என் விவரங்களை அவளே ஏற்றிவைத்தாள். அன்றிலிருந்து மெயில்கள் வரத் தொடங்கின. பாதிக்கு மேல் திருட்டு. உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், பயிற்சிக் கட்டணத்தை இந்தக் கணக்கில் கட்டுங்கள் என்பவை. நான் படிக்கும்போதே கை பழக்கத்தில் மவுஸை இணைப்பின் மேல் கொண்டுபோய் வைக்கும். ஒவ்வொன்றாக அழிப்பேன்.

அவற்றில் ஒன்று இப்படி இருந்தது. 'அன்புள்ள விண்ணப்பதாரரே' என்று தொடக்கம். இலவச மெயில் முகவரி. கம்பெனியின் பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. ஆபீஸ் வேலைக்கு வரும் திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு, அவசரம், அசல் சான்றிதழ்களோடு தவறாமல் வரவும் என்று எல்லாம் பெரிய எழுத்தில். பயிற்சியில் சொன்ன அடையாளங்களில் ஒன்றுகூடப் பாக்கியில்லை. அழிக்கப் போனேன்.

"அட்ரஸ் உப்பல்னு இருக்கே" என்று கணவர் பின்னாலிருந்து சொன்னார். அன்று அவருக்கு விடுமுறை. "நம்ம ரிங் ரோடுகிட்டத்தான் காட்டுது."

"அட்ரஸ் யார் வேணா போடலாம்."

"போட்டுக்கட்டும். போய்ப் பாத்தா தெரிஞ்சிடும். இன்னா, அரை மணி நேரம்."

நான் எத்தனையோ ஆயிரம் மெயில்களை உண்மையா பொய்யா என்று பார்த்தவள். அனுப்பியவனின் வீட்டு வாசலுக்கே போய்ப் பார்க்கலாம் என்பது ஒரு தடவையும் எனக்குத் தோன்றியதில்லை. அந்த வேலையில் அதற்கு வழியும் இல்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. படியில் வைக்கோலும் அட்டைப்பெட்டியும். உள்ளே ஆய்வுக்கூடங்களுக்கான கண்ணாடிக் குழாய்கள், குடுவைகள் அடுக்கியிருந்தன. பலகையில் கம்பெனியின் பெயர், எழுத்து விடாமல், சரியாக இருந்தது. கணவர் கீழேயே நின்றுகொண்டார். நான் மேலே போனேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் குடுவையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் முதலாளி. ஹைதராபாத் உருது பேசினார்; நானும் அதிலேயே பேசினேன்.

மெயில் வந்ததாகச் சொன்னேன்.

"ஹவ், நம்ம மெயிலுதான். ஆனா திங்கட்கிழமைன்னு போட்டிருந்தேனே, இன்னைக்குக் கைக்கு வந்தீங்க?" 'கைக்கு' என்றால் ஏன்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "ஆபீஸ் இருக்குதான்னு பாக்க வந்தேன்" என்றேன்.

அவர் குடுவையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "ஏன், இல்லாம எங்கே போகும்?"

மெயிலைப் பார்த்தால் திருட்டு மெயில் மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். மாதாப்பூரில் நான் என்ன வேலை பார்த்தேன் என்பதையும் சொன்னேன்.

"போன மாசமும் ரொம்பப் பேருக்கு மெயில் போட்டேன். அதுக்கு முந்தின மாசமும். ஒருத்தரும் வரலை. சம்பளம் கம்மின்னு நெனச்சேன். ஏரியா பிடிக்கலையோன்னு நெனச்சேன். என் பெண்டாட்டி, ஸ்வீட் கடைக்கு மேலே ஆபீஸ் இருந்தா யார் வருவாங்கன்னு திட்டினா." ஒரு நாற்காலியிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். "எது எது தப்புன்னு காட்டுங்க."

அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தார். மெயிலை எடுத்தார். நான் கம்பெனியின் பெயரைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "யா அல்லா" என்று மெதுவாகச் சொன்னார். அந்த எழுத்து இல்லாமலேயே துபாய் வரைக்கும் விலைப்பட்டியல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

கீழே கடையிலிருந்து டீ வரவழைத்தார். என் கணவர் நிற்பதைக் கேள்விப்பட்டு அவருக்கும் ஒன்று கொடுத்தனுப்பினார். நாங்கள் மெயிலை வரிவரியாகத் திருத்தினோம். பெரிய எழுத்தையெல்லாம் சின்னதாக்கினேன். அவசரம் என்பதை எடுத்தேன். வந்து சேரும் வழி எழுதினேன், கடைசியில் தரைவழித் தொலைபேசி எண்ணையும் சேர்த்தேன். இதை மற்றவர்களுக்கு இன்றே திரும்ப அனுப்பலாமா என்று கேட்டேன்.

"மத்தவங்களுக்குக் கைக்கு?" என்றார். "வேலை ஒண்ணுதான் இருக்குது. நீங்க திங்கட்கிழமை வந்துடுங்க. சர்டிபிகேட் ஒண்ணும் நக்கோ."

படியிறங்கி வந்தபோது கணவர் டீ கிளாஸைக் கடையில் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஒரிஜினலா?" என்று கேட்டார்.

ஒரிஜினல்தான் என்றேன். அங்கே ஏழு வருடம் வேலை பார்த்தேன்.